மீண்டும் கண்ட நகரம்: கதேயின் இத்தாலியப் பயண எழுத்துகளில் இரண்டாம் வருகை

பயண நூல்கள் பெரும்பாலும் முதல் வருகையின் நூல்களாகவே அமைகின்றன. காணாத நாட்டைக் கண்டவன் கண்டதைக் காணாதவர்க்கு எடுத்துரைக்க முற்படுகின்றான். புதுமை அவனுக்குப் பொருள். வியப்பு அவனுக்குச் சுவை. விரும்பிய அந் நாட்டிற்கு அவன் மறுமுறை செல்லுங்கால் புதுமை குறைந்துவிடுகின்றது, வியப்பும் தளர்ந்துவிடுகின்றது. எனவே மறுவருகையைப் பொருளாகக் கொண்டு எழுதப் புகுந்தோர் மிகச் சிலரேயாவர். எழுதியோருள்ளும் பலர் முதல் முறை கண்ட இன்பம் இம்முறை கிட்டவில்லை என்று வருந்துவதோடு அமைந்துவிடுகின்றனர்.

அவ் வருத்தம் உண்மையானதா? மறுவருகை தருவது இழப்பு ஒன்றுதானா, அன்றி முதல் வருகையால் தர இயலாத வேறொன்றையும் அது தருகின்றதா? இவ் வினாவிற்கு விடை காண்பதற்கு ஏற்ற சான்றுகள் செருமானியப் பெருங்கவிஞர் கதேயின் இத்தாலிய எழுத்துகளில் நிரம்ப உள்ளன. அவர் உரோம் நகரில் இருமுறை தங்கினார். அந் நகரின் களியாட்டு விழாவை இருமுறை கண்டார். வெனிசு நகருக்கும் இருமுறை சென்றார். இம் மூன்றிலும் இரு வருகைகளின் எழுத்தும் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றை ஒப்பிட்டு நோக்கி ஒரு முடிபிற்கு வருதல் இக் கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பீட்டிற்குக் கருவியாகத் தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறும் முதற்பொருட் பகுப்பினை ஈண்டுக் கைக்கொள்கிறேன். முதற்பொருள் நிலம், பொழுது என இருவகைப்படும். அப் பகுப்பு அகப்பாட்டிற்கு வகுக்கப்பட்டதேயன்றிப் பயண நூலுக்கு வகுக்கப்பட்டதன்று. ஆயினும் ஓர் இடத்தைப் பற்றிய எழுத்தில் நிலம் எவ்வளவு, பொழுது எவ்வளவு என்று வினவுவதற்கு இதனினும் தெளிவான சொற்கள் இல்லை.

1. பயணமும் நூலும்

கதே 1786ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் விடியுமுன் கார்ல்சுபாடு என்னும் ஊரினின்றும் எவரிடமும் விடைபெறாது புறப்பட்டார். அப்போது அவர் வைமார் அரசில் அமைச்சர், அகவை 37. பெயரை மாற்றிக்கொண்டு, ஓவியர் ஒருவரைப் போலப் பயணம் செய்தார். செப்டம்பர் 28ஆம் நாள் வெனிசை அடைந்து இரண்டு கிழமைக்குச் சற்று மிகுதியாக அங்குத் தங்கினார். அக்டோபர் இறுதியில் உரோம் நகரை அடைந்தார். 1787 பிப்ரவரி 22 வரை அங்கிருந்து, பின்னர் நேப்பிள்சுக்கும் சிசிலிக்கும் சென்றார். சூன் 6ஆம் நாள் உரோமுக்குத் திரும்பி 1788 ஏப்ரல் வரை தங்கினார். மூன்றாவதாக, 1790 மார்ச்சு 31ஆம் நாள் மீண்டும் வெனிசை அடைந்தார். மே மாதம் அங்கிருந்து மீண்டார். அதன்பின் உரோமை அவர் கண்டதில்லை.

இப் பயணங்களின் எழுத்து வடிவங்கள் ஒருகாலத்தில் தோன்றியவை அல்ல. ‘இத்தாலியப் பயணம்’ என்று நாம் இன்று வழங்கும் நூலின் முதற்பகுதி 1816இலும் இரண்டாம் பகுதி 1817இலும் அவருடைய தன்வரலாற்று வரிசையில் வெளிவந்தன. ‘இரண்டாம் முறை உரோமில் தங்கியது’ என்னும் பொருள்படும் மூன்றாம் பகுதி 1829இல்தான் வெளிவந்தது. இடையில் ‘உரோமக் களியாட்டு விழா’ என்னும் சிறுநூல் 1789இல் தனியே வெளிவந்திருந்தது. இரண்டாம் வெனிசுப் பயணத்தின் பயனாகிய சிறுபாக்கள் ஷில்லர் தொகுத்த 1796ஆம் ஆண்டிற்குரிய கவிதை மலரில் ஆசிரியர் பெயரின்றி வெளியாயின.

நேப்பிள்சும் சிசிலியும் கண்டு நான்கு திங்களுக்குள் திரும்பியதை ‘மறுவருகை’ எனலாமோ என்னும் ஐயம் எழலாம். ‘இரண்டாம்’ என்னும் அடையை நூலுக்கு இட்டவர் கதேயே ஆவர். முதல் முறை உரோமில் தங்கியதற்கும் அடுத்த முறை தங்கியதற்கும் தன்மையில் வேறுபாடு உண்டு என்று ஆசிரியரே கருதினார் என்பது இதனாற் பெறப்படும். அவ் வேறுபாடு யாது என்பதே நம் வினா.

2. முதல் வருகையின் இயல்பு

ஒன்றனை முதலில் தெளிதல் வேண்டும். கதேயின் முதல் வருகை முற்றிலும் புதியதோர் இடத்தைக் கண்ட வருகை அன்று. அவர் தந்தையார் 1740இல் இத்தாலிக்குச் சென்று வந்தவர். அப் பயணத்தை இத்தாலிய மொழியிலேயே நூலாக எழுதியவர். பிராங்குபர்ட்டு நகரத்து இல்லத்தில் உரோமின் காட்சிகள் அச்சுப்படங்களாகத் தொங்கின. தந்தையார் கொணர்ந்த சிறு பொம்மைப் படகொன்றும் இருந்தது. வெனிசின் கால்வாய்களில் ஓடும் ‘கொண்டோலா’ என்னும் படகின் வடிவம் அது. 1786இல் வெனிசை அணுகியபோது எதிர்ப்பட்ட முதற்படகு அப் பொம்மையை நினைவூட்டியதாகக் கதே எழுதுகின்றார். உரோம் நகரில் நுழைந்தபோதும், சிறு வயதில் படங்களிற் கண்டவையெல்லாம் கண்முன் உயிர்பெற்று ஒருங்கே நிற்பதாக அவர் உணர்ந்தார்.

எனவே முதல் வருகையில் அவர் எய்தியது, எதிர்பார்த்தது அவ்வாறே இருக்கக் கண்ட நிறைவு. மனத்திலிருந்த படமும் மண்ணிலிருந்த நகரும் பொருந்தின. நிலம் மெய்ப்பிக்கப்பட்டது எனலாம். முதல் உரோம மடல்களில் மிகுதியாகப் பேசப்படுவன கட்டடம், சிலை, ஓவியம், ஒளி என்பனவே. அவை ஓரிடத்தில் நிலைபெற்று நிற்பவை. சென்று காண்பவருக்குத் தம்மைக் காட்டுபவை. பழமையான நகரைப் பற்றிய எழுத்தாயினும் அதில் காலம் என்பது கற்களில் உறைந்த காலமேயன்றி ஓடும் காலம் அன்று. நிலம் நிரம்ப, பொழுது அருக அமைந்த எழுத்து அது.

3. இருமுறை கண்ட விழா

இவ் வேறுபாட்டினை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுவது களியாட்டு விழாவாகும். நோன்புக் காலத்திற்கு முன் உரோமில் நிகழ்ந்த இவ் விழாவைக் கதே 1787 பிப்ரவரியில் முதன்முறை கண்டார். அதுபற்றி அவர் அப்போது எழுதியவை சில வரிகளே. அவ் விழாவை ஒருமுறை காணுதல், மீண்டும் காணும் ஆசையை ஒழித்துக்கொள்வதற்கே பயன்படும் என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். எழுதுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்று கருதினார். கூட்டத்தின் ஆரவாரம் அவருக்கு உள்ளத்திலிருந்து எழும் மகிழ்ச்சியாகத் தோன்றவில்லை. விழா முடிந்த மறுநாள் நோன்பு தொடங்கியது. அதற்கடுத்த நாள் அவர் நேப்பிள்சுக்குப் புறப்பட்டுவிட்டார்.

1788இல் அதே விழா வந்தது. அதே தெரு, அதே கூச்சல். கதே தங்கியிருந்த இல்லமும் விழா நிகழும் ‘கோர்சோ’ என்னும் அத் தெருவிலேயே இருந்தது. இம்முறை அவர் விழாவைக் குறிப்பெடுத்துக்கொண்டு நோக்கினார்; உடன் தங்கிய ஓவியர் ஒருவரைக் கொண்டு முகமூடியாளர் கோலங்களை வரைவித்தார். அடுத்த ஆண்டே 20 வண்ணப் படங்களுடன் அச் சிறுநூல் வெளிவந்தது. எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று தள்ளப்பட்ட பொருள், ஓராண்டு கழித்து அவருடைய உரைநடையின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாயிற்று. விழா மாறவில்லை, காண்பவர்க்கு வாய்த்த காட்சி மாறியது. அதன் காரணத்தைக் கதேயே பின்னர்க் கூறுகின்றார்: இரண்டாம் முறை கண்டபோது, இவ் விழாவும் ஆண்டுதோறும் திரும்பி வரும் ஏனைய வாழ்க்கை நிகழ்ச்சிகளைப் போலத் தனக்கென ஓர் ஒழுங்கான போக்கு உடையது என்பது தமக்குப் புலனாயிற்று என்பது அவர் கூற்றின் கருத்து.

ஈண்டுப் ‘போக்கு’ என்பதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். போக்கு என்பது பொழுதின்கண் நிகழ்வது. ஒருமுறை காண்பவனுக்கு விழா ஒரு குழப்பம். எது தொடக்கம், எது உச்சம், எது வழக்கம், எது தற்செயல் என்று பிரித்தறிய அவனால் இயலாது. மீண்டும் வருவது எது என்று அறிந்தவனே வழக்கத்தையும் தற்செயலையும் வேறுபடுத்துவான். சிறுநூலின் அமைப்பு முழுவதும் இவ் வறிவின்மேல் எழுந்தது. கதே முதலில் தெருவை வருணிக்கின்றார். ஏறத்தாழ 3500 காலடி நீளமும், நீளத்திற்கு ஒவ்வாத குறுகிய அகலமும் உடையது அது. அடுத்து, ஞாயிறுதோறும் மாலையில் செல்வர் வண்டிகள் அத் தெருவில் இருவரிசையாக உலா வரும் வழக்கத்தைக் கூறுகின்றார். களியாட்டு விழா புதிதாக வந்து புகுந்த ஒன்றன்று. நாள்தோறும் கிழமைதோறும் நிகழும் இவ் வுலாவின் உச்சமே அது என்று காட்டுகின்றார். ஆண்டு முழுவதும் அங்கு வாழ்ந்தவன் அல்லாமல் வேறு யார் இதனைக் கூற இயலும்? வழிப்போக்கன் விழாவைக் காண்பான். விழாவிற்கு முன்னுள்ள ஞாயிறுகளைக் காணான்.

பின்னர் விழா நாளின் நிகழ்முறை விரிகின்றது. நண்பகலுக்குப் பின் காப்பிடோல் குன்றின் மணி ஒலிக்கின்றது. முகமூடியாளர் தெருவில் இறங்குகின்றனர். வண்டிகள் நெருங்குகின்றன. சுண்ணத்தால் ஆகிய சிறு உருண்டைகளை ஒருவர்மேல் ஒருவர் வீசுகின்றனர். மாலையில் வண்டிகள் விலக்கப்பட, ஏறுவோர் இல்லாத குதிரைகள் தெரு நீளத்திற்கும் பாய்ந்தோடுகின்றன. அவை கடந்ததும் கூட்டம் மீண்டும் தெருவை மூடுகின்றது. இறுதி நாள் இரவில் ஒவ்வொருவர் கையிலும் மெழுகுவத்தி. பிறர் விளக்கை அணைப்பதும் தன் விளக்கைக் காப்பதும் ஆட்டம்; விளக்கற்றவன் கொல்லப்படுக என்பது எங்கும் எழும் முழக்கம். தந்தையின் விளக்கை மகன் அணைத்து அதே முழக்கத்தை எழுப்புகின்றான். அவ்வளவில் விழா முடிகின்றது.

நூலின் இறுதியில் நோன்பின் முதல் நாளுக்குரிய எண்ணங்களாகச் சில கூறப்படுகின்றன. விழா ஒரு கனவுபோலக் கழிந்துவிட்டது. நெருக்கமிக்க அந் நீண்ட குறுகிய தெரு, முன்னும் பின்னும் தெளிவாகக் காண இயலாமல் மக்கள் தள்ளுண்டு செல்லும் வாழ்க்கை வழியை நினைவூட்டுகின்றது. பிறப்பை நகையாடும் கூத்தும், இறப்பை நினைவூட்டும் விளக்குகளும் அதே தெருவில் நிகழ்கின்றன. விழாவைப் புறத்தே நின்று வருணித்து வந்த உரைநடை இங்குத் திடீரென உயர்வதாகச் சிலர் கருதக்கூடும். அது திடீரென நிகழ்ந்ததன்று. ஆண்டுக்கொருமுறை மீண்டு வருவதொன்றைக் கண்டவனுக்குத் தான் மீண்டு வாராதவன் என்னும் எண்ணம் தோன்றுதல் இயல்பே. விழா திரும்பி வரும். காண்பவனின் ஆண்டு திரும்பி வாராது. இவ் வெண்ணத்திற்கு ஒருமுறை கண்ட காட்சி இடந்தராது.

4. இரு குரல்களாலாகிய நூல்

இனி 1829ஆம் ஆண்டு நூலை நோக்குவோம். முதலிரு பகுதிகளும் மடலும் நாட்குறிப்பும் கலந்த நடையின. மூன்றாம் பகுதியின் அமைப்பு வேறு. 1787 சூன் முதல் 1788 ஏப்ரல் வரை ஒவ்வொரு திங்களுக்கும் முதலில் ‘மடற்போக்கு’ வருகின்றது. அதனையடுத்து ‘அறிக்கை’ வருகின்றது. மடற்போக்கு அன்று உரோமிலிருந்து எழுதியவற்றின் பகுதி. அறிக்கை ஏறத்தாழ 40 ஆண்டுகளின்பின் முதியவரான கதே திரும்பி நோக்கி எழுதியது.

இப் பகுதி முன்னவற்றினும் தாழ்ந்தது என்றும், முதுமையில் கிடைத்தவற்றைக் கோத்து நிரப்பியது என்றும் கூறுதல் எளிது. அக் கூற்றில் உண்மையில்லாமலும் இல்லை. நண்பர் மோரிட்சு எழுதிய அழகியற் கட்டுரையின் பகுதி இதில் இடம்பெறுகின்றது. பிலிப்பு நேரி என்னும் துறவியைப் பற்றிய கட்டுரையொன்றும் நுழைந்திருக்கின்றது. அது தனித்து நிற்பின் சுவையுடையது, இந் நூலின் ஓட்டத்திற்கு இடையூறாகவே நிற்கின்றது. இக் குறைகளை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று.

ஆயின் நூலின் அடிப்படை அமைப்பைத் தளர்ச்சியின் விளைவு என்று கொள்ளுதல் பொருந்தாது. மறுவருகையின் உண்மையைக் கூறுவதற்கு ஒரு குரல் போதாது. மீண்டும் வந்தவன் இப்போது காண்கின்றான். முன் கண்டதையும் உடன் காண்கின்றான். அவனுள் இருவர் உளர். அவ் விருவரையும் மடல், அறிக்கை என்னும் இரு வடிவங்களாக அருகருகே நிறுத்தியது கதேயின் நூல். இளைஞர் எழுதிய மடலில் அடுத்து நிகழ்வது இன்னதென்று தெரியாத துடிப்பு இருக்கின்றது. முதியவர் எழுதிய அறிக்கையில் நிகழ்ந்தது இன்னதென்று தெரிந்த அமைதி இருக்கின்றது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். இரண்டாம் முறை தங்கியபோது கதே பெரிதும் முயன்றது ஓவியம் பயில்வதில். மலைக்காட்சிகளை வரைந்தார், மனித உடலமைப்பைக் கற்றார், களிமண்ணிலும் உருச்செய்து பழகினார். மடல்களில் இம் முயற்சியின் நம்பிக்கை மாதந்தோறும் ஏறி இறங்குகின்றது. 1788 பிப்ரவரி மடலொன்றில், தாம் உண்மையில் பிறந்தது கவிதைக்கே என்பது நாள்தோறும் தெளிவாகி வருகின்றது என்னும் கருத்து வெளிப்படுகின்றது. முதல் வருகை அவருக்கு ஓவியத்தைக் காட்டியது. தாம் ஓவியர் அல்லர் என்பதைக் காட்டியது இரண்டாம் வருகை. முன்னது கண்டவுடன் கிட்டும் அறிவு. பின்னது காலம் செலவிட்டன்றிக் கிட்டாத அறிவு. இதனை இழப்பு என்பதா, பேறு என்பதா? ‘எக்மண்ட்’ நாடகம் இதே காலத்தில் உரோமில் நிறைவுற்றது என்பதை நினைவிற்கொண்டால் விடை தானே விளங்கும்.

நூலின் முடிவும் இக் கருத்தையே வலியுறுத்துகின்றது. விடைபெறுமுன் நிலவொளியில் கதே நகரைச் சுற்றி வருகின்றார். காப்பிடோல் குன்று, செவரசு மன்னனின் வளைவு, கொலோசியம் என்பன இருளும் ஒளியுமாய் நிற்கின்றன. அவ் வேளையில் அவர் நினைவிற்கு வருவது ஓவிட் என்னும் பழம்புலவரின் பாடல். அகத்தசு பேரரசரால் கி.பி. 8இல் கருங்கடற் கரைக்கு நாடுகடத்தப்பட்ட ஓவிட், உரோமை நீங்கிய கடைசி இரவைப் பாடியவர். மீண்டும் உரோமைக் காணாமலே இறந்தவர். மறுவருகை வாய்த்த ஒருவரின் நூல், மறுவருகை வாயாத ஒருவரின் பாடலோடு முடிகின்றது. மூன்றாம் வருகை தமக்கு வாய்க்கவில்லை என்பதை 1829இல் கதே அறிந்திருந்தார்.

5. வெனிசு: தோல்வியா?

இதுகாறும் கூறியவற்றிற்குத் தடையாக ஒரு சான்று உளது. அது 1790ஆம் ஆண்டு வெனிசுப் பயணம். அன்னா அமாலியா என்னும் வைமார் அரசன்னையார் இத்தாலியிலிருந்து திரும்புகையில் அவரை எதிர்கொண்டு அழைத்துவரக் கதே சென்றார். விருப்பால் தொடங்கியது முதற் பயணம்; கடமையால் நிகழ்ந்தது இது. 1789 டிசம்பர் 25ஆம் நாள் அவருக்கு மகன் பிறந்திருந்தான். குழந்தையையும் அதன் தாய் கிறித்தியானாவையும் விட்டு அவர் புறப்பட நேர்ந்தது. அரசன்னையாரின் வருகையோ மே மாதம்வரை தாழ்த்தது. ஏப்ரல் 3ஆம் நாள் தம் அரசருக்கு எழுதிய மடலில், இப் பயணத்தால் இத்தாலியின்மேல் தாம் கொண்ட காதல் உயிர்போகும் அடியைப் பெற்றது என்னும் கருத்தை அவர் தெரிவித்தார். சிறுபாக்களில் நகரின் அழுக்கும், விடுதியாளரின் வஞ்சமும், சமயத்தின் ஆரவாரமும் கடுமையாக இகழப்படுகின்றன.

இச் சான்றைக் கொண்டு, நான்காண்டுக்கு முன் எழுதிய புகழ்ச்சியெல்லாம் மயக்கமே என்று தீர்ப்பளிப்பாரும் உளர்; பிந்தைய இகழ்ச்சியே தற்காலிகமான மனக்கசப்பு என்பாரும் உளர். இரு திறத்தாரும் வெனிசு எத்தகையது என்னும் வினாவிற்கே விடை தேடுகின்றனர். பாக்களைப் பயில்வார்க்கு எழும் வினா வேறு. ஒரே பொருள் இரு வருகைகளிலும் எவ்வாறு எழுதப்பட்டது என்பதே அது.

கொண்டோலாப் படகையே எடுத்துக்கொள்வோம். 1786இல் அது குழந்தைப் பருவத்துப் பொம்மையாகத் தோன்றியது. பழகிய பொருளைக் கண்ட மகிழ்ச்சியைத் தந்தது. 1790இல் எழுதிய சிறுபாவொன்றில் அதே படகு தொட்டிலுக்கு உவமிக்கப்படுகின்றது. அதன்மேலுள்ள சிற்றறை சவப்பெட்டிக்கு உவமிக்கப்படுகின்றது. தொட்டிலுக்கும் பெட்டிக்கும் இடையே மக்கள் கவலையின்றிப் பெருங்கால்வாயில் ஆடி மிதந்து செல்கின்றனர் என்பது பாவின் கருத்து. வீட்டில் ஒரு தொட்டிலை விட்டு வந்தவர்க்கே இவ் வுவமை தோன்றும் என்று ஊகித்தல் தவறாகாது. முதல் வருகையில் படகு பின்னோக்கி ஒரு நினைவைச் சுட்டியது. இரண்டாம் வருகையில் பிறப்பும் இறப்பும் ஆகிய இரு கரையையும் சுட்டியது. இன்பம் குறைந்தது உண்மை. கவிதை ஆழமுற்றதும் உண்மை. களியாட்டு விழாவின் தெருவும் இக் கால்வாயும் ஒரே பொருளைத் தருதல் நோக்கத்தக்கது.

இப் பயணத்தின் வேறொரு பயனும் அறியத்தக்கது. வெனிசை அடுத்த லீடோ மணல் திட்டில், யூதர் இடுகாட்டருகே, உடைந்த ஆட்டு மண்டையோடு ஒன்றைக் கதேயின் ஏவலாள் எடுத்து நீட்டினான். அதனைக் கண்டு, மண்டையோடு முதுகெலும்புக் கணுக்களின் திரிபே என்னும் எண்ணத்தைக் கதே உறுதிசெய்து கொண்டார். அக் கொள்கை பின்னர் 1858இல் ஹக்சிலி என்னும் அறிஞரால் மறுக்கப்பட்டது. எனினும் கட்டடத்தையும் ஓவியத்தையும் தேடி முதன்முறை வந்தவர், தேடல் ஓய்ந்த இரண்டாம் முறையில் காலடியிற் கிடந்ததைக் கண்டார் என்பது கருதத்தக்கது.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: முதல் வருகையின் எழுத்தில் நிலம் மேலோங்குகின்றது. மறுவருகையில் நிலம் அதுவேயாய் இருப்பதனால், மாறியது எது என்னும் வினா எழுகின்றது. அவ் வினாவின் வழியே பொழுது எழுத்தினுட் புகுகின்றது. உரோமக் களியாட்டு விழாவில் அது நிகழ்ச்சியின் ஒழுங்காகவும், 1829ஆம் ஆண்டு நூலில் இருகுரல் அமைப்பாகவும், வெனிசுச் சிறுபாக்களில் உவமையாகவும் வெளிப்படுகின்றது. வருகை இன்பமாய் அமைந்ததா, துன்பமாய் அமைந்ததா என்பது இதனை மாற்றவில்லை. உரோமில் இன்பம், வெனிசில் கசப்பு, பொழுது இரண்டிலும் புகுந்தது.

ஆதலின் மறுவருகை எழுத்தை முதல் வருகையின் வியப்பைக் கொண்டு அளத்தல் முறையன்று. விரும்பிய நாட்டிற்கு மீண்டும் செல்வோர் முன் கண்ட நகரைத் தேடுகின்றனர். ஆங்கு அவர் எதிர்கொள்வது முன் சென்ற தம்மையே. அச் சந்திப்பை மறையாது எழுதுபவர் மிகச் சிலர். கதே அதனை இருமுறை எழுதினார்: ஒருமுறை மனம் நிறைந்து, ஒருமுறை மனம் கசந்து. இரண்டையும் ஒருங்கு வைத்துப் பயிலும்போதுதான் அவருடைய இத்தாலி முழுமையாக நமக்குப் புலனாகும்.